நாளுக்கு ஒரு தட்டு, நொடிக்கு 25 ஃபிரேம்

எழுத்து, கோடு, வடிவம், வரைபடம், புகைப்படம் ஆகியவற்றுக்குக் காலத்தைக் கொடுத்து அசையவைக்கும் கலைக்கு மோஷன் கிராபிக்ஸ் என்று பெயர். கார்ட்டூன் படத்தில் ஒரு பாத்திரம் நடிக்கும். இங்கே நடிப்பவை தலைப்பும் எண்ணும் அம்புக்குறியும். தேர்தல் நாளில் தொலைக்காட்சியில் ஏறி இறங்கும் வண்ணப்பட்டைகள், திரைப்படத்தின் டைட்டில், பணம் போய்ச் சேர்ந்ததும் கைபேசித் திரையில் விழும் டிக் குறி, கல்யாண வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அசையும் அழைப்பிதழ் எல்லாமே இந்த வகைதான்.

அச்சுக்கு வேலை செய்து பழகிய வரைகலை டிசைனருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். எழுத்துரு, நிறம், இடைவெளி, எதைப் பெரிதாக வைப்பது, எதை ஒதுக்குவது என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. தெரியாத பாதி காலம். சுவரொட்டியில் கண் எங்கே முதலில் போக வேண்டும் என்று டிசைனரால் தூண்டத்தான் முடியும். அசையும் படத்தில் எது முதலில் வரும், எது பின்னால் வரும், எது எத்தனை நொடி நிற்கும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனருக்கும் நோட்டீசுக்கும் இருந்த வேலையில் பெரும்பகுதி கைபேசிக்கும் எல்இடி திரைக்கும் நகர்ந்துவிட்டதால், கோரல் டிராவோடும் ஃபோட்டோஷாப்போடும் நின்ற டிசைனர்கள் இந்தப் பாதியைக் கற்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது.

கலை புதிதல்ல. அமெரிக்கரான ஜான் விட்னி 1960-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே மோஷன் கிராபிக்ஸ் என்பதுதான். 1958-இல் வெளியான ‘வெர்டிகோ’ படத்துக்கு சால் பாஸ் அமைத்த டைட்டிலில் சுழலும் வளையங்களை உருவாக்கித் தந்தவரும் அவரே. இந்தியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த எடுத்துக்காட்டு தூர்தர்ஷனின் கண். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தேவாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்தது அசையாத சின்னம்தான். அங்கேயே இருந்த ஆர். எல். மிஸ்திரி அதன் பிரதிகளைக் கேமராவின் கீழ் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்தார். இரண்டு வளைவுகள் சுற்றி வந்து கண்ணாகச் சேரும் காட்சி அப்படிப் பிறந்தது. தென் மாவட்டங்களில் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திரும்பியிருந்த காலத்தில், அந்த மலையிலிருந்துதான் இந்தக் கண் பலருடைய வீட்டுக்குள் வந்தது. தமிழ்த் திரையில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது 1992-இல் ‘அண்ணாமலை’ படத்தில் வந்த ‘சூப்பர் ஸ்டார்’ டைட்டில். புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும் அந்தச் சில நொடிகளுக்கே அரங்கம் எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு, 1993-இல், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் வெளிவந்தது. பெரிய ஸ்டுடியோவுக்குள் மட்டும் நடந்த வேலை அதன்பின் மெல்ல மெல்ல தனி மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

மென்பொருளின் பொத்தான்களைக் கற்பது சில வாரப் பாடம். காலத்தை எப்படிக் கையாள்வது என்பதே நீண்ட பாடம். அதைப் படிக்கப் பழனி மலைத்தொடரில் உலகத்தரமான ஒரு மூலப்பொருள் இருக்கிறது: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் புகைப்படத் தட்டுகள்.

1876–78 பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் மலைகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் ஆய்வகம் இங்கே மாறியது. கடல்மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலே நிற்கும் அந்த வளாகத்தை இன்று பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் சூரியன் படமெடுக்கப்பட்டது. வெள்ளொளிப் படத்தில் கரும்புள்ளிகள் தெரியும். கால்சியத்தின் ஊதா ஒளியில் எடுத்த படத்தில் அந்தப் புள்ளிகளைச் சுற்றிய பிரகாசமான திட்டுகள் தெரியும். 1912 முதல் எடுக்கப்பட்ட ஹைட்ரஜனின் சிவப்பொளிப் படத்தில் கரிய இழைகளும், சூரிய விளிம்பில் எழும் சுடர்களும் தெரியும். ஒரே நாளின் ஒரே சூரியன் மூன்று அடுக்காகக் கிடைக்கிறது. லேயர் என்ற கருத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கால்சியப் படங்கள் எடுக்கப்பட்ட முறையே மோஷன் கிராபிக்ஸ் படிப்பவர் அறிந்துகொள்ள வேண்டியது. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவியில் ஒரு மெல்லிய பிளவு உண்டு. சூரிய பிம்பத்தின் மீது அந்தப் பிளவு ஓரத்திலிருந்து ஓரம் நகர, தட்டில் கோடு கோடாகப் படம் பதிகிறது. அசையாததாகத் தோன்றும் அந்தப் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. காலம் படத்துக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இதே ஆய்வகத்தில் கண்டறிந்ததும் ஓர் அசைவைத்தான். கரும்புள்ளியின் மங்கலான ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து அவர் படித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுதும் பாடநூல்களில் அது இடம்பெற்றிருக்கிறது.

இந்தத் தட்டுகள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்பட்டு, 4,096-க்கு 4,096 பிக்சல் அளவில் மின்னுருவாகி, ஆய்வாளர்களும் மாணவர்களும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. கால்சியப் படங்களின் தொடர் 1907 முதல் 2007 வரை நூறு ஆண்டுக்கு நீள்கிறது. இவற்றை அசையவைப்பது எப்படி?

முதலில் கால அளவு. இந்தியத் தொலைக்காட்சியின் கணக்குப்படி நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்து, நாளுக்கு ஒரு ஃபிரேம் கொடுத்தால், நூறு ஆண்டு சுமார் 24 நிமிடப் படமாகும். பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள். ஆகவே திரையில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். ஒரு கரும்புள்ளி ஓர் ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைய அரை நொடி. புள்ளிகள் பெருகிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சிக்கு 2 நிமிடம் 40 நொடி. கணக்கு சரிதான், ஆனால் படம் பார்ப்பவருக்கு எதுவும் பிடிபடாது. சூரியன் சுற்றுவதைக் காண இது மிக வேகம், 11 ஆண்டு ஏற்ற இறக்கத்தைக் காண மிக மெதுவானது.

எனவே கேள்வி, எந்தக் கதையைச் சொல்வது என்பதாக மாறுகிறது. சூரியன் திடப்பொருள் அல்ல, அதன் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளிலும் துருவப்பகுதி 30 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டும் சுற்றுகிறது என்பதைச் சொல்ல வேண்டுமா? நாளுக்கு ஐந்தாறு ஃபிரேம் கொடுத்து நிதானப்படுத்த வேண்டும். நடுக்கோட்டை ஒட்டிய புள்ளி தள்ளியிருக்கும் புள்ளியை முந்துவது அப்போது தெரியும். 11 ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டுமா? ஒரு சுற்றில் கிடைக்கும் படங்களின் நடுப்பட்டைகளை ஒட்டி ஒரே முழு வரைபடமாக்கி, சுற்றுக்கு ஒரு ஃபிரேம் என்று வைக்க வேண்டும். 11 ஆண்டில் சுமார் 147 சுற்றுகள். முழுச் சுழற்சியும் ஆறு நொடிக்குள் அடங்கும். சுழலும் ஓட்டம் மறைந்து, தொடக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து 30 பாகைக்கு அப்பால் முளைக்கும் புள்ளிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நெருங்கி முளைப்பது புலப்படும். வானியலார் வண்ணத்துப்பூச்சி வரைபடம் என்று தாளில் போடுவது இதைத்தான். எத்தனை நாளை ஒரு ஃபிரேமாக்குவது என்ற அந்த ஒரு தேர்வுதான் மோஷன் கிராபிக்ஸ் டிசைனரின் முதல் வேலை. மற்ற நுட்பமெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

அடுத்து ஒழுங்கு. தட்டுகளை அப்படியே வரிசையில் அடுக்கினால் சூரியன் திரை முழுக்கத் துள்ளும். ஒவ்வொரு படத்திலும் வட்டத்தின் மையத்தைக் கண்டு ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகிலும் ஜூலையில் தொலைவிலும் இருப்பதால் வட்டத்தின் அளவு ஆண்டுக்குள் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மாறும். சரிசெய்யாவிட்டால், நாளுக்கு ஒரு ஃபிரேம் ஓட்டத்தில் பதினைந்து நொடிக்கு ஒரு முறை சூரியன் பெருத்துச் சுருங்கும். நம் பார்வையில் சூரியனின் அச்சும் ஆண்டு முழுதும் 26 பாகை வரை இடமும் வலமும் சாய்கிறது. வடக்கை எல்லாத் தட்டிலும் மேலே திருப்பி வைக்காவிட்டால் சூரியன் தலையாட்டிக்கொண்டே இருக்கும். பிறகு வெளிச்சம். ஒரு நாள் தட்டு அடர்த்தி, மறுநாள் தட்டு வெளிறியது. வட்டத்தின் நடு பிரகாசமாகவும் விளிம்பு மங்கலாகவும் இருப்பது சூரியனின் இயல்பு. ஒவ்வொரு படத்திலும் அந்த மங்கலைக் கணித்து நீக்கிச் சமன்செய்தால் மினுக்கல் அடங்கும். பார்ப்பவர் இந்த உழைப்பைக் கவனிக்கவே மாட்டார். அப்படிக் கவனிக்காமல் இருந்தால்தான் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைக் கடைப்பிடிப்பதும் இந்த ஒழுங்கில் சேரும். நாளை முன்னால் போட்டால் கணினி எல்லா ஆண்டின் முதல் தேதிகளையும் ஒன்றாக அடுக்கிவிடும். சின்ன விஷயம்தான், பல ஆயிரம் படங்களில் அது ஒரு வார வேலையைக் கெடுக்கும்.

மேகம் மூடிய நாள்களை என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடர்ந்து பல நாள் சூரியனே தென்படாது. ஆண்டின் முதல் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். தொடரில் இடைவெளி விழுகிறது. முந்தைய நாளின் படத்தையே பிடித்து நிறுத்தலாம்; இருளாக விடலாம்; அல்லது இன்றைய மென்பொருள்கள் செய்வதுபோல் முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்கலாம். மூன்றாவது வழி கண்ணுக்கு மிக வழவழப்பாக இருக்கும். ஆனால் அப்படி உருவான ஃபிரேமில் அந்த நாளில் இல்லாத புள்ளி இருக்கலாம், இருந்த புள்ளி காணாமல் போகலாம். குளிர்பான விளம்பரத்தில் அது குற்றமில்லை. நூறாண்டு உழைத்து எடுத்த அறிவியல் பதிவில் அதைச் செய்யக் கூடாது. படத்தை மங்கலாக்கி, கீழே ஓடும் தேதியை மட்டும் நிறுத்தாமல் ஓடவிடுவது நேர்மையான வழி; கொடைக்கானலின் மழைக்காலமும் அந்தப் படத்திலேயே பதிவாகிவிடும்.

ஈஸிங் என்ற நுட்பத்துக்கும் இதே விதி பொருந்தும். எந்தப் பொருளும் சட்டென்று கிளம்பிச் சட்டென்று நிற்பதில்லை; மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, தணிந்து நிற்கும். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் கீஃபிரேம்களுக்கு இடையிலான வேகத்தை அப்படி வளைத்துக் கொடுப்பதே ஈஸிங். வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவின் ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981-இல் தங்கள் நூலில் தொகுத்த 12 அனிமேஷன் கோட்பாடுகளில் இதுவும் ஒன்று. தலைப்பு உள்ளே வரும்போதும் அம்புக்குறி நீளும்போதும் ஈஸிங் இல்லாவிட்டால் படம் மரக்கட்டைபோல் இருக்கும். சூரியப் புள்ளியின் நகர்வுக்கோ விளைச்சல் கணக்கைக் காட்டும் கோட்டுக்கோ அதைப் போட்டால் வேகமே பொய்யாகிவிடும். தரவு தன் வேகத்தில் ஓடட்டும். விளக்கவுரைக்கு மட்டும் மென்மை போதும்.

விளக்கவுரை தமிழில் இருக்கும்போது தனிச் சிக்கல் ஒன்று வருகிறது. எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாகித் தோன்றும் காட்சி எல்லோருக்கும் பழக்கமானது. ‘கொடைக்கானல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கொ, டை, க், கா, ன, ல் என்று நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடு முறையில் கணினிக்கு அது பதினொரு குறி. அகர உயிர்மெய்யின் உருவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. மென்பொருள் குறி குறியாக வெளிவிட்டால் முதலில் ‘க’ தோன்றும், அடுத்த கணம் அதன் இருபுறமும் கொம்பும் காலும் முளைத்து ‘க’ வலப்பக்கம் தள்ளப்படும். ‘ட’ வந்து நின்றபின் ஐகாரக் கொம்பு அதற்கு முன்னால் புகும். ‘க’ ஒரு கணம் உயிர்மெய்யாக நின்று பிறகு புள்ளி பெறும். சொல் முழுக்க நடுங்கும். ஆங்கிலத்துக்காக எழுதிய டெம்ப்ளேட்டை அப்படியே தமிழுக்குப் போடுகிறவர்களின் வேலையில் இந்த நடுக்கம் உடனே தெரிந்துவிடும். எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி லேயராக வைப்பது ஒரு தீர்வு. சொல் சொல்லாக வரவிடுவது இன்னொன்று. படிப்பவருக்கும் அதுவே எளிது.

பழைய எழுத்துருக்கள் வேறொரு தொல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து கோரல் டிராவில் வைத்திருக்கும் வாசகத்தை அசைவு மென்பொருளில் ஒட்டினால் ஆங்கிலக் குறிகள் சிதறிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நிரந்தர வழி. அவசரத்துக்கு வாசகத்தைக் கர்வ் ஆக மாற்றி அனுப்புவோர், கொம்பையும் காலையும் உரிய எழுத்தோடு குரூப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அசைவில் எழுத்து ஒரு பக்கமும் கொம்பு ஒரு பக்கமும் போகும். நீளமும் கவனிக்க வேண்டியது. தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் சேர்ந்து ஒரு சொல்லே கைபேசித் திரையின் அகலத்தைத் தாண்டும். சொல்லை நடுவில் ஒடிப்பதைவிட வாக்கியத்தை மாற்றி எழுதுவது நல்லது. ஒரு வரியை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க ஆகும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும்.

மலையில் இந்தத் திறனுக்குத் தேவை இருக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வாகனத்தில் வருவோர் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை உண்டு. இந்த இரண்டையும் சோதனைச் சாவடியில் பலகையில் எழுதி வைத்தால் வண்டி நிற்கும்போதுதான் தெரியவரும். வத்தலக்குண்டு வழியிலோ பழனி வழியிலோ ஏறுவதற்கு முன், வீட்டில் இருக்கும்போதே பார்த்துப் புரிந்துகொள்ள முப்பது நொடி அசைபடம் போதும்: வண்டி எண், வரும் தேதி, கியூஆர் குறி, பையில் பாட்டிலுக்குப் பதில் கூஜா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் பழனி பஞ்சாமிர்தமும், அவற்றுக்கு முன்பே அதைப் பெற்ற விருப்பாச்சி மலை வாழைப்பழமும் எங்கே விளைகின்றன, எப்படி உருவாகின்றன, சமவெளிச் சரக்கிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று காட்டுவதற்கும் புகைப்படம் மட்டும் போதாது. மலைச்சரிவின் வரைபடம் உயர்ந்து எழுந்து, பூம்பாறைக் கிராமத்தின் படிக்கட்டு வயலில் போய் நின்றால் பார்ப்பவர் மனதில் இடம் பதியும்.

தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. தொழிலில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். பிளெண்டர் 2002 முதல் திறமூலமாக இலவசமாகக் கிடைக்கிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குள்ளேயே ஃபியூஷன் என்ற அசைவரைகலைப் பகுதி இருக்கிறது. செலவு வைக்கும் இடம் கணினியின் ரேம். நல்ல முதல் பயிற்சி, தாமே முன்பு செய்த ஒரு போஸ்டரை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் தனி லேயராகப் பிரித்து, ஆறு நொடிப் படமாக்குவது. அதற்கும் முன் தாளில் நான்கைந்து கட்டம் போட்டு ஸ்டோரிபோர்டு வரைவதைத் தவிர்க்கக் கூடாது. தாளில் குழம்பும் வரிசை கணினியில் தெளிவாவதே இல்லை. முறையாகப் படிக்க விரும்புவோருக்கு சென்னை தரமணியின் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் உண்டு, பல கல்லூரிகளில் விஸ்காம் பட்டப்படிப்பு உண்டு. வேலை கொடுப்பவர் பார்ப்பது பெரும்பாலும் செய்த வேலைகளின் தொகுப்பான ஒரு நிமிட ஷோரீலைத்தான். வேறு யாருடைய டெம்ப்ளேட்டோ நிரம்பிய ஷோரீலைவிட, கொடைக்கானல் சூரியனின் ஒரு சுழற்சியைச் சரியாக ஒழுங்குபடுத்தித் தமிழில் விளக்கிய முப்பது நொடி, செய்தவரின் திறனைக் கூடுதலாகக் காட்டும்.

கடைசி வேலை, திரைக்கேற்ற வடிவங்கள். ஒரே படம் தொலைக்காட்சிக்கு அகலமாகவும் கைபேசிக்கு உயரமாகவும் சதுரமாகவும் தேவைப்படும். வட்டமான சூரியன் சதுரத்தில் முழுமையாக அமரும். அகலத் திரையில் இருபுறமும் மிஞ்சும் கருமையில் ஒரு பக்கம் தேதியையும் மறுபக்கம் புள்ளிகளின் எண்ணிக்கைக் கோட்டையும் வைக்கலாம். உயரத் திரையில் தேதி மேலே, வாசகம் கீழே; கீழ் விளிம்பில் செயலியின் பொத்தான்கள் மறைக்கும் பகுதியை விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் கைபேசியில் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், ஆகவே குரலை நம்பி எந்தத் தகவலையும் விடக் கூடாது. முடிவில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையிலான தட்டுகள், எந்த ஒளியில் எடுத்தவை, எத்தனை நாள் ஒரு ஃபிரேம், படங்களைத் தந்தது எந்த நிறுவனம் என்ற நான்கு விவரங்களும் படிக்கும் அளவு எழுத்தில், படிக்கும் அளவு நேரம் நிற்க வேண்டும்.